எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் குடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஸ்லீவ், அதாவது வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து நாலு வருடம் ஆகிறது. 126 கிலோவோடு உள்ளே போனேன், இப்போது 85. அதற்கு ஆறு மாதம் கழித்து என் சகலை பைபாஸ் செய்துகொண்டார். இதயத்தில் செய்வது இல்லை, இரைப்பையில் செய்வது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மடக்கி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அண்ணே, அதுக்கு அப்புறம் சரக்கு அடிக்கலாமா?"

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. என் சர்ஜனும் டயட்டீஷியனும் சொன்னது, நான் தேடிப் படித்தது, பட்டுத் தெரிந்துகொண்டது, மூன்றும் சேர்ந்ததுதான் இது. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஒரேயடியாக நிறுத்த வேண்டுமா, கொஞ்சம் பரவாயில்லையா?

நிறுத்திவிடுவதுதான் நல்லது. உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் எல்லாருக்கும் ஆயுள் தடை என்று எல்லா டாக்டர்களும் சொல்வதில்லை. சிலருக்கு மட்டும் "தொடவே கூடாது" என்கிறார்கள். யார் அந்தச் சிலர் என்பது கீழே வருகிறது. நான் வருடத்துக்கு நாலைந்து தடவை, ஒரு தடவைக்கு ஒரு ஸ்மால், 30 மில்லி. அதோடு சரி. அந்த ஒரு ஸ்மாலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பாதிக் கதை.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் கழித்து?

குறைந்தது ஆறு மாதம். பல சர்ஜன்கள் ஒரு வருடம் என்கிறார்கள், எனக்கும் ஒரு வருடம்தான் சொன்னார்கள். வெட்டி ஸ்டேப்பிள் போட்ட இடம் ஆற வேண்டும். அதைவிட முக்கியம், முதல் மாதங்களில் தண்ணீரும் புரதமுமே உள்ளே போகாது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். ஒரு முட்டையைச் சாப்பிட இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் வயிற்றில் பிராந்திக்கு ஏது இடம்?

முன்பு ஒரு ஹாஃப் அடித்தாலும் நிதானமாக இருந்தேன். இப்போது ஏன் இவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது?

சாராயம், அதாவது எந்தச் சரக்கிலும் இருக்கும் ஆல்கஹால், பெரும்பாலும் ரத்தத்தில் கலப்பது வயிற்றில் இல்லை, சிறுகுடலில். வயிறு ஒரு தடுப்பணை மாதிரி. உள்ளே வந்ததைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் திறந்துவிடும். அதோடு, வயிற்றின் உள்சுவரில் இருக்கும் ஒரு நொதி, சாராயத்தில் ஒரு சிறு பங்கை அங்கேயே உடைத்துவிடும்.

ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் அளவில் ஒரு குழாய். பைபாஸில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலில் தைத்துவிடுகிறார்கள். ஆக அணையே இல்லை. குடித்தது அப்படியே வாய்க்காலில் பாய்கிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, 2015இல் வெளியானது. இருபது பேர்கூட இல்லாத சின்ன ஆய்வுதான். பைபாஸ் செய்த பெண்களுக்கும் செய்யாத பெண்களுக்கும் ஒரே மாதிரி இரண்டு டிரிங்க் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ரத்தத்தில் ஏறிய உச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதுவும் சில நிமிடங்களிலேயே. இரண்டு டிரிங்க் நாலு டிரிங்காக வேலை செய்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் சாராயம். இரண்டு சேர்ந்தால் நம் ஊர் 90 மில்லி கட்டிங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, நீங்கள் கட்டிங் அடித்தால் உடம்பு குவார்ட்டர் என்று கணக்கெழுதுகிறது. ஸ்லீவ் செய்தவர்களுக்கும் கதை அதேதான் என்று பின்னால் வந்த ஆய்வும் காட்டியது.

எனக்கு அது புரிந்த இடம் ஒரு ரிசப்ஷன். ஆபரேஷன் முடிந்து பதினான்காவது மாதம். மண்டபத்துக்குப் பின்னால் காரின் டிக்கியைத் திறந்து வைத்திருந்தார்கள். "ஒரு லார்ஜ்தானே மச்சான்" என்று 60 மில்லி ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுத்தான் பழைய நண்பன். பழைய பழக்கத்தில் மூன்றே மடக்கில் குடித்துவிட்டேன். பேப்பர் டம்ளரைக் கசக்கிப் போட இடம் தேடினேன், அதற்குள் டிக்கி இரண்டாகத் தெரிந்தது. ஐந்து நிமிடம்கூட இருக்காது. பந்தி ஆரம்பிப்பதற்குள் நான் காரின் பின்சீட்டில் படுத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் தலை தெளிந்தது மாதிரி இருந்தது. இன்னொரு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வேகமாக ஏறியது வேகமாக இறங்குவது போலத் தோன்றும், அப்போது கை தானாக அடுத்த ரவுண்டுக்கு நீளும். ஆனால் ரத்தத்தில் இருப்பது அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கல்லீரல் அதே பழைய கல்லீரல்தான், அதே வேகத்தில்தான் வேலை செய்யும்.

அப்படியானால் அளவு என்ன?

பழைய அளவை மறந்துவிடுங்கள். "எனக்குத் தெரியும், எங்கே நிறுத்தணும்னு" என்பது பழைய வயிறு கற்றுக்கொடுத்தது, அந்த வயிறு இப்போது உங்களிடம் இல்லை. போதை ஏறுவதை வைத்து நிறுத்த முடியாது, ஏறிவிட்டது என்று தெரியும்போது ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். மில்லி கணக்கு ஒன்றுதான் வழி.

டாஸ்மாக்கில் வாங்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் 42.8 சதவீதம் சாராயம் என்று லேபிளிலேயே இருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 61 கிராம் சுத்தச் சாராயம். 90 மில்லி கட்டிங்கில் 30. 60 மில்லி லார்ஜில் 20. 30 மில்லி ஸ்மாலில் 10. ஆபரேஷன் செய்தவருக்கு, குடித்தே தீர வேண்டும் என்றால், அந்த 10 கிராமோடு நிறுத்த வேண்டும் என்பது என் கணக்கு.

நான் செய்வது இது: இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியால் அளக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. 30 மில்லிக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், முக்கால் மணி நேரம், வாய் வாயாக. அந்த டம்ளர் காலியானால் அன்றைக்குக் கடை மூடியாச்சு.

வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்பார்கள். ஆனால் நமக்குச் சாப்பிடும்போது தண்ணீரே கூடாதே?

நல்ல கேள்வி, நானும் இதில் குழம்பியிருக்கிறேன். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் எதையும் குடிக்கலாம் என்ற விதி இதற்கும் உண்டு. முதலில் முட்டையோ மீனோ கோழியோ சாப்பிட்டு, அரை மணி நேரம் விட்டு, அப்புறம். ஆனால் "நல்லா சாப்பிட்டுக் குடிச்சா ஏறாது" என்ற பழைய தெம்பு வேண்டாம். சாப்பாட்டையே பிடித்து வைக்க முடியாத வயிறு, சாராயத்தை எங்கே பிடித்து வைக்கப் போகிறது?

பீர் லேசானதுதானே?

இல்லை. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம் சாராயம், இரண்டு லார்ஜுக்குச் சமம். அதோடு கேஸ். சின்ன வயிற்றுக்குள் கேஸ் போனால் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்தது மாதிரி அடைக்கும், பாதி வெளியே வரும். சோடா கலப்பதும் அப்படியே. கள்ளும் நுரைக்கிற சரக்குதான். தமிழ்நாட்டில் 1987இலிருந்து தடை, ஆனால் பாலக்காடு பக்கம் போகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். கள்ளு இறக்கிய பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும், காலையில் இருந்த காட்டம் வேறு, மாலையில் வேறு. அளக்க முடியாததை நம்மால் குடிக்க முடியாது.

ஒயினில் கேஸ் இல்லை. 150 மில்லியில் 14 கிராம். அதில் பாதி ஊற்றிக்கொள்ளலாம்.

ஒரு பெக்தானே, வண்டி ஓட்டலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேலே சொன்ன ஆய்வில், பைபாஸ் செய்தவர்களுக்கு இரண்டு டிரிங்கில் ஏறியது சராசரியாக 110 மில்லிகிராம். அதில் பாதிதான் குடித்தேன் என்றாலும் எங்கே நிற்பீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஊதும் கருவி, ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டலாம் என்று ஸ்லீவ் செய்தவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். "ஊதினேன், ஒண்ணும் வரல" என்பதை நம்பி ஸ்கூட்டர் சாவியை எடுக்காதீர்கள். ஆட்டோவுக்கு ஆகும் காசையும் சேர்த்துத்தான் பாட்டில் விலை.

எடை திரும்ப ஏறுமா?

ஏறும். ஒரு கிராம் சாராயத்துக்கு 7 கலோரி. குவார்ட்டருக்கு 425க்கு மேல், அதில் புரதமும் இல்லை, சத்தும் இல்லை. கலக்கும் கூல் டிரிங்க்ஸ் 250 மில்லிக்கு இன்னொரு நூறு. ஆனால் உண்மையான ஆள் சைட் டிஷ்தான். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றில் மிக்சரும் சிப்ஸும் போய்க்கொண்டே இருக்கும். நொறுங்கிக் கரைந்து போவதற்கு வயிறு சின்னதா பெரியதா என்பதே கிடையாது. கையில் டம்ளர் இருக்கும்போது கணக்கும் மறந்துவிடும்.

பைபாஸ் செய்தவர்கள் இனிப்பான மிக்சிங் பக்கம் போகவே வேண்டாம். சர்க்கரை குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டினால் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி. டம்பிங் என்பார்கள். என் சகலைக்கு ஒரு முறை வந்தது. குடித்தது என்னவோ எலுமிச்சை கலந்த கூல் டிரிங்க்ஸோடு ஒரு ஸ்மால். ஓட்டல் பாத்ரூமில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குடித்துவிட்டுத் தூங்குகிறார், தூங்கட்டும் என்று விடலாமா?

வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய பதில் இது. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சாராயம் வந்துவிட்டால் அது அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. பைபாஸ் செய்த சிலருக்குச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தாழும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 50க்குக் கீழே போகலாம். அப்போது நாக்கு குழறும், தள்ளாடும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், வியர்த்துக் கொட்டும். பார்ப்பவருக்குப் போதை மாதிரியே இருக்கும்.

அதனால் குடித்த அளவுக்குப் பொருந்தாமல் ஆள் மந்தமாக இருந்தால் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். குறைவாக இருந்து, நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, சரியானதும் சாப்பிட ஏதாவது கொடுங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ இன்னும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வைட்டமின் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், போதாதா?

பி1 என்று ஒரு வைட்டமின். உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமிப்பு கிடையாது. ஆபரேஷனால் குறையும், வாந்தியால் குறையும், சாராயம் அதைக் குடல் உறிஞ்சவும் விடாது. மூன்றும் சேரும் ஆளுக்குக் கண் இரண்டாகத் தெரிவது, நடை தடுமாறுவது, குழப்பம் எல்லாம் வரலாம். நாள் கடத்தினால் ஞாபகசக்தி திரும்பாமலே போகும். கேஷுவாலிட்டிக்குப் போனால் முதல் வாக்கியமாக "இவருக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குடிப்பார்" என்று சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 ஊசி போட வேண்டும் என்பது அந்த ஒரு வரியில்தான் அவர்களுக்குப் புரியும்.

மறுநாள் தலைவலிக்கு?

தண்ணீர், மோர், தூக்கம். புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை கூடாது, அதிலும் பைபாஸ் செய்தவர்கள் தொடவே கூடாது. தையல் போட்ட இடத்தில் புண் வரும். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முன்பு அவ்வளவாகக் குடிக்காதவர் ஆபரேஷனுக்கு அப்புறம் குடிகாரர் ஆகிவிடுகிறாராமே, உண்மையா?

எல்லாரும் இல்லை. ஆனால் வெறும் வதந்தியும் இல்லை. அமெரிக்காவில் 1,945 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் எழுதினார்கள். குடிப்பிரச்சினை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம், முதல் வருடம் 7.3, இரண்டாவது வருடம் 9.6. முதல் வருடம் ஏறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே குழுவினர் 2017இல் எழுதியபோது, பைபாஸ் செய்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் புதிதாகக் குடிப்பிரச்சினை வந்தவர்கள் 20.8 சதவீதம் என்று கண்டார்கள். வயிற்றில் வளையம் மட்டும் மாட்டிக்கொண்டவர்களுக்கு 11.3தான்.

சாப்பாட்டு ஆசை குடிக்கு மாறுகிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வளையம் போட்டவர்களுக்கும் சாப்பாடு குறையத்தானே செய்கிறது? என்னைக் கேட்டால், நிமிடங்களில் மூளைக்குப் போய் அடிக்கும் அந்த வேகம்தான் பெரிய காரணம். வேகமாக ஏறும் எதுவும் சீக்கிரம் பழகிவிடும்.

முதல் வருடம் மாதாமாதம் ஆஸ்பத்திரி, டயட்டீஷியன் போன், எல்லார் கண்ணும் நம் மேல். இரண்டாவது வருடம் பேன்ட் சைஸ் 34க்கு வந்துவிடும், பார்ப்பவர்கள் எல்லாம் புகழ்வார்கள், செக்கப்பை விட்டுவிடுவோம். சகலை விழுந்தது அப்போதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் பொங்கல் தீபாவளிக்குக் குடிப்பவர். பதினெட்டாவது மாதம் சனிக்கிழமை ஒரு ஸ்மால், அப்புறம் புதனும் சனியும், அப்புறம் தினமும். என் மச்சினி ஒரு நாள் போன் செய்தாள்: "அத்தான், இவர் பாத்ரூம் போயிட்டு வந்தா ஏலக்காய் வாசம் வருது." போய்த் தேடினால், புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குள் குவார்ட்டர் பாட்டில். பவுடரைக் கொட்டிவிட்டு அதில் வைத்திருந்தார்.

யார் தொடவே கூடாது?

முன்பே குடிப்பழக்கம் இருந்தவர்கள், கல்லீரலில் கொழுப்பைத் தாண்டித் தழும்பு விழுந்தவர்கள், சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள், பைபாஸ் புண் வந்தவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், தூக்க மாத்திரையோ மனநல மாத்திரையோ எடுப்பவர்கள். அப்பா, அண்ணன் என்று குடும்பத்தில் குடியால் கெட்டவர்கள் இருந்தால், என் யோசனை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

நான் "எப்பவாவது" என்று சொன்னேன். உண்மை, வாரம் மூன்று நாள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி ஏறி நின்றது. சர்ஜன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எப்பவாவதுன்னா காலையிலயா சாயந்திரமா?" என்று கேட்டார். சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

தினமும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். நாளைக்கே நிறுத்தச் சொல்லலாமா?

தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போனில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள எண் 14446. சென்னைக்காரர்களுக்கு டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை 1980இலிருந்து இருக்கிறது. எங்கே போனாலும் வயிற்று ஆபரேஷனைச் சொல்லுங்கள், மாத்திரை அளவே மாறலாம்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரை, பொடி?

மச்சினி கேட்ட அடுத்த கேள்வி இதுதான். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் பார்த்திருந்தாள். வேண்டவே வேண்டாம். பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை என்றால் பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுப்பவருக்குத்தான் அது மருந்து. ஏற்கெனவே பி1 குறைந்து, கட்டிங் குவார்ட்டராக ஏறும் உடம்பில் அதைத் திருட்டுத்தனமாகப் போட்டால் ஐ.சி.யு.தான். அன்று இரவு சகலையை உட்கார வைத்து, அந்த டப்பாவை மேசையில் வைத்துப் பேசினோம். மூன்று மணி நேரம் ஆனது. காலையில் அவரே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.